கடலில் இறங்கும் விமானம் நம் கடற்படைக்கு வேண்டுமா?

அந்தமான் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வாசகர்கள் தவறாமல் ஒன்றைக் கேட்கிறார்கள். சுற்றிலும் கடல் இருக்கும்போது ஓடுதளம் கட்டி மாரடிப்பானேன், ஜப்பான் வைத்திருப்பதுபோல் கடலிலேயே இறங்கி ஏறும் விமானத்தை வாங்கிவிடலாமே என்று. நியாயமான கேள்வி. டெல்லியும் இதே கேள்வியோடு பத்தாண்டுகளுக்கு மேல் மல்லாடியது. 2013-ல் இந்தியாவும் ஜப்பானும் யூஎஸ்-2 விமானத்துக்காகக் கூட்டுக் குழு அமைத்தன. 12 விமானங்கள், சுமார் 165 கோடி டாலர் என்றெல்லாம் செய்திகள் வந்தன. 2018-ல் மஹிந்திரா நிறுவனம் தயாரிப்பாளரான ஷின்மேவாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம்கூடப் போட்டது. ஆனால் வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை.

அது கையெழுத்தாகாமல் போனது நல்லதுதான் என்று நினைக்கிறேன். அதற்காக இந்த விமானமே வீண் என்று சொல்ல வரவில்லை. சில நாடுகளுக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. நாம் அந்த நாடுகளில் ஒன்றா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

இது நமக்குப் புதிய சரக்கு இல்லை. இந்தியக் கடற்படை தனக்கென்று வாங்கிய முதல் விமானமே இந்த வகைதான். 1953-ல் கொச்சிக்கு வரத் தொடங்கிய ஷார்ட் சீலேண்ட் அது, மொத்தம் பத்து வாங்கினார்கள். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில், சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுகளுக்கு, அதாவது படகுபோன்ற உடலோடு தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்கு, தளமாக இருந்தது. இன்று நாம் குடிநீருக்காக மட்டம் பார்க்கும் அதே தண்ணீரிலிருந்து கேட்டலினா விமானங்கள் கிளம்பி வங்கக் கடலைச் சுற்றி வந்தன. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலவிலிருந்து போன ஒரு கேட்டலினாதான், கொழும்பைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைப் பார்த்துச் செய்தி அனுப்பியது. செய்தியை அனுப்பி முடிப்பதற்குள் அதைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் தண்ணீரில் இறங்கியதற்குக் காரணம் எளிமையானது. பெரிய விமானம் இறங்கும் நீளத்துக்குக் கான்கிரீட் ஓடுதளம் உலகில் அதிக இடங்களில் இல்லை. போர் முடிந்தபோது எங்கு பார்த்தாலும் ஓடுதளம் இருந்தது. அப்புறம் ஹெலிகாப்டர் வந்தது. அமெரிக்கக் கடற்படை தன் கடைசிப் பறக்கும் படகுகளுக்கு 1967-ல் விடைகொடுத்தது. இந்த விமானத்தின் தேவையைத் தின்றது ஓடுதளமும் ஹெலிகாப்டரும்தான். ஒப்பிடும்போது இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்வோம்.

1. எவ்வளவு தூரம் போய், வேலையை முடித்துத் திரும்பும்?
2. அங்கே போய் ஆளைத் தூக்க முடியுமா, இல்லை மேலிருந்து பார்க்கத்தான் முடியுமா? தேடுவது வேறு, தூக்குவது வேறு.
3. ஆண்டில் எத்தனை நாள் கடலும் வானமும் அதற்கு இடம்கொடுக்கும்?
4. ஆபத்து எதுவும் இல்லாத சாதாரண நாட்களில் அதற்கு என்ன வேலை?
5. விலைச்சீட்டில் எழுதாத செலவு எவ்வளவு?

நம் ஊர் விவாதங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. நான்காவதும் ஐந்தாவதும்தான் கடைசியில் பணத்தைத் தின்பவை.

பெரிய நீர்-நில விமானம்: யூஎஸ்-2 வகை

உடலின் அடிப்பகுதி படகு. தரைக்கென்று சக்கரமும் உண்டு. அதனால்தான் நீர்-நில விமானம் என்கிறோம். யூஎஸ்-2-ல் இறக்கையில் நான்கு என்ஜின்கள். உள்ளே ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அது விமானத்தை இழுப்பதில்லை. இறக்கையின் பின்மடல்கள் மேல் வேகமாகக் காற்றை ஊதுகிறது. அந்தக் காற்றால் விமானம் மணிக்கு 100 கி.மீ. அளவுக்கு வேகத்தைக் குறைத்தாலும் விழாமல் தாங்கும். வேகம் குறைந்தால் தண்ணீரில் மோதும் அடியும் குறையும். எனவே சுமார் 300 மீட்டரில் இறங்கிவிடும், மூன்று மீட்டர் அலையிலும் இறங்கும் என்பது அதன் பெருமை. ஒரே மூச்சில் 4,500 கி.மீ.க்கு மேல் பறக்கும். 20 பேர், அல்லது ஸ்ட்ரெச்சரில் 12 நோயாளிகள்.

இந்தப் பெருமை காகிதத்தோடு நிற்பதில்லை. 2013 ஜூனில் பசிபிக் கடலில், ஜப்பான் கரையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. தொலைவில், ஒரு பாய்மரப் படகு மூழ்கி இருவர் உயிர்காக்கும் தெப்பத்தில் தத்தளித்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் பார்வை கிடையாது. ஹெலிகாப்டர் எட்டாத தூரம். முதலில் போன யூஎஸ்-2 அலையைப் பார்த்து இறங்காமல் திரும்பியது. இரண்டாவதாகப் போனது இறங்கி இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்தது. உலகில் வேறு எந்த வகை வாகனமும் அன்று மாலைக்குள் அதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அந்த முதல் விமானம் திரும்பியதையும் கவனியுங்கள். உலகின் மிகச் சிறந்த நீர்-நில விமானத்துக்கும் கடலின் சம்மதம் வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தமான் கடல் மூன்று மீட்டர் அலையை அடிக்கடி காட்டும். புயல் காலத்தை நான் சொல்லவே வேண்டாம். படகும் மீனவரும் ஆபத்தில் சிக்குவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். இறங்குவதைவிட ஏறுவது கடினம். 2015 ஏப்ரலில் ஜப்பானில் பயிற்சியின்போது தண்ணீரிலிருந்து எழும்ப முயன்ற யூஎஸ்-2 ஒன்று என்ஜினையும் மிதவையையும் இழந்து பிறகு மூழ்கியது. அதிலிருந்த 19 பேரும் பிழைத்தார்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது உப்பு. கடலைத் தொட்ட ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் முழு உடலையும் கழுவ வேண்டும். அப்படியும் அரிப்பு நிற்காது. இரண்டாவது, எண்ணிக்கை. ஜப்பானே ஏழெட்டு விமானங்களைத்தான் ஒரு சமயத்தில் வைத்திருக்கிறது. உலகத்துக்கே உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றுதான், அதற்கு வாடிக்கையாளரும் ஒருவர்தான் என்றால் ஒவ்வொரு போல்ட்டும் தங்க விலை. மூன்றாவது, விமானி. அலையின் போக்கையும் காற்றையும் கண்ணால் படித்து இறங்கும் கலை சிமுலேட்டரில் மட்டும் வராது. வாரம் தவறாமல் கடலில் இறங்கிப் பழக வேண்டும், அந்தப் பழக்கமே விமானத்தின் ஆயுளைக் குறைக்கும்.

நான்காவது செலவு அரசியல். ரஷ்யாவின் பி-200 (Be-200) நீர்-நில விமானத்துக்கு என்ஜின் உக்ரைனிலிருந்து வந்தது. 2014-க்குப் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சீனா ஏஜி-600 என்ற பெரிய விமானத்தைச் சொந்தமாகவே செய்து 2017-ல் பறக்கவிட்டது. ஆனால் தென்சீனக் கடல் பவளத்திட்டுகளில் அதே சீனா மணலைக் கொட்டி மூன்று பெரிய ஓடுதளங்களைக் கட்டியிருக்கிறது. சொந்தமாக விமானம் செய்யத் தெரிந்த நாடே ஓடுதளத்தைத்தான் முதலில் போட்டது என்பது என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

போர்க்களத்தில்? ஓடுதளங்களை ஏவுகணை உடைத்துவிட்டால் கடலே ஓடுதளம் என்ற வாதம் இப்போது மீண்டும் கேட்கிறது. அமெரிக்க விமானப்படை எம்சி-130ஜே விமானத்துக்கு மிதவை மாட்டப்போவதாக 2021-ல் அறிவித்தது அதனால்தான். பணமில்லை என்று பிறகு அதைத் தள்ளிவைத்தார்கள். என் கருத்து, அலையில் ஆடிக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய, மெதுவான விமானம் எதிரிக்கு எளிய இலக்கு. அதற்கு எரிபொருளும் குண்டும் ஏற்ற எப்படியும் ஒரு தளம் வேண்டும்.

ஹெலிகாப்டர்

அலை எவ்வளவு உயர்ந்தாலும் ஹெலிகாப்டருக்கு அதைத் தொட வேண்டியதில்லை. மேலே நின்று கயிறு இறக்கித் தூக்கும். இது மிகப் பெரிய பலம். பலவீனம் தூரம். போய், நின்று, தூக்கி, திரும்ப என்று கணக்குப் போட்டால் 200 முதல் 300 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தைத் தாண்டுவது கடினம். ஆனால் கப்பலில் ஏற்றிவிட்டால் அந்த வட்டமே கப்பலோடு நகரும்.

சாதாரண நாட்களில் அதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 2020-ல் இந்தியா 24 எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்களைச் சுமார் 260 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. வகுத்துப் பார்த்தால் ஒன்றின் விலை யூஎஸ்-2-க்குப் பேசப்பட்ட விலையைவிட ரொம்பக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அது தினமும் நீர்மூழ்கியைத் தேடும். ஆள் தூக்குவது அதற்கு உபவேலை. யூஎஸ்-2-க்கு அதுவே முழுநேர வேலை.

இங்கேயும் மறைந்த செலவு உண்டு. அதை மனித உயிரில் கொடுத்திருக்கிறோம். 2024 செப்டம்பரில் போர்பந்தர் அருகே ஒரு எண்ணெய்க் கப்பலிலிருந்து காயம்பட்டவரைத் தூக்கப் போன கடலோரக் காவல்படை துருவ் ஹெலிகாப்டர் கடலில் விழுந்து மூன்று வீரர்கள் போனார்கள். 2025 ஜனவரியில் போர்பந்தரில் இன்னொரு துருவ் விழுந்ததும் அந்த வகை முழுவதும் தரையிறக்கி வைக்கப்பட்டது. ஒரே வகையை நம்பியிருந்தால் ஒரே நாளில் எல்லாத் தீவுகளும் கையை விரிக்க வேண்டிவரும். ஹெலிகாப்டர் போதும் என்று சொல்கிற என்னைப் போன்றவர்கள் இதை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது.

சக்கர விமானமும் பாராசூட்டும்

இந்த வழியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

2024 மார்ச்சில் கடற்கொள்ளையர் பிடித்துவைத்திருந்த ரூயன் என்ற கப்பலை மீட்டதை நினைத்துப் பாருங்கள். இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கி.மீ. தொலைவு. விமானப்படையின் சி-17 சரக்கு விமானம் அவ்வளவு தூரம் பறந்து, இரண்டு ரப்பர் படகுகளையும் கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்களையும் பாராசூட்டில் கடலில் இறக்கியது. பி-8ஐ கண்காணிப்பு விமானம் மேலிருந்து பார்த்துக்கொண்டது. ஐஎன்எஸ் கொல்கத்தா போர்க்கப்பல் பக்கத்தில் நின்றது. 35 கொள்ளையர்கள் சரணடைந்தார்கள், 17 மாலுமிகள் உயிரோடு மீண்டார்கள். நீர்-நில விமானம் செய்யும் என்று விளம்பரத்தில் சொல்லப்படும் வேலையை, ஏற்கெனவே கையில் இருந்தவற்றை வைத்தே முடித்தார்கள்.

சரக்குக்கும் வழி இருக்கிறது. கப்பலுக்கு அவசர உதிரிபாகம் போட ஏடிசி-150 என்ற 150 கிலோ பெட்டியை 2023-ல் கோவா அருகே விமானத்திலிருந்து இறக்கிச் சோதித்தார்கள்.

குறை? ஆளை இறக்கலாம், பொருளை இறக்கலாம், திரும்ப ஏற்ற முடியாது. நெஞ்சுவலி வந்த மாலுமிக்குப் பாராசூட்டில் மருத்துவரையும் மருந்தையும் அனுப்பலாமே தவிர, அவரை அறுவை மேசைக்குக் கொண்டுவரக் கப்பலோ ஹெலிகாப்டரோ வர வேண்டும். இந்த ஓர் ஓட்டையைத்தான் யூஎஸ்-2 அடைக்கிறது.

அப்புறம், தேடும் வேலை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. அப்போது நீர்-நில விமானம் இருந்திருந்தால் என்று பலரும் ஏங்கினார்கள். அந்த ஏக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் எங்கே விழுந்தது என்றே தெரியாதபோது எங்கே போய் இறங்குவது? எட்டாண்டு கழித்து, 2024-ல், சென்னைக் கரையிலிருந்து 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், ஆளில்லா நீரடிக் கருவி ஒன்று அதன் சிதைவுகளைக் கண்டது. அன்று குறைவாக இருந்தது விமானத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் கருவி. அந்தப் பணத்தை அங்கே போட வேண்டும்.

சிறிய கடல் விமானம்

ட்வின் ஓட்டர் போன்ற, மிதவை மாட்டிய சின்ன விமானங்கள். மாலத்தீவில் பேருந்துபோல் ஓடுகின்றன. அங்கே களப்புக்குள் தண்ணீர் அசையாமல் கிடக்கும். லட்சத்தீவுக்கும் ஓரளவு பொருந்தும். திறந்த கடலுக்கு ஆகாது. 2020 அக்டோபர் 31 அன்று சபர்மதியிலிருந்து படேல் சிலைக்கு ஆரவாரமாகத் தொடங்கிய சேவையில், பராமரிப்புக்காக விமானத்தை மாலத்தீவுக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 2021-ல் சேவை நின்றே போனது. ராணுவத்துக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது: பழுதுபார்க்கும் பட்டறை இல்லாமல் விமானத்தை மட்டும் வாங்காதீர்கள்.

ஒரே பார்வையில்

| கேள்வி | பெரிய நீர்-நில விமானம் | ஹெலிகாப்டர் | சக்கர விமானம் + பாராசூட் | சிறிய கடல் விமானம் |
|---|---|---|---|---|
| போய்வரும் தூரம் | 1,000 கி.மீ.க்கு மேல் எளிது | 200-300 கி.மீ.; கப்பலோடு நகரும் | மிக அதிகம் | குறைவு |
| ஆளைத் தூக்குமா? | தூக்கும், அலை அனுமதித்தால் | தூக்கும் | தூக்காது | அமைதியான நீரில் மட்டும் |
| கொந்தளிப்பில் | சுமார் 3 மீட்டர் அலைவரை | அலை தடையில்லை, காற்று தடை | இறங்குபவருக்கு ஆபத்து | முடியாது |
| சாதாரண நாளில் வேலை | குறைவு | நிறைய | நிறைய | சுற்றுலா, நோயாளிப் போக்குவரத்து |
| மறைந்த செலவு | உப்பு, உதிரிபாகம், தனிப் பயிற்சி | ஒரே வகை முடங்கினால் எல்லாம் முடங்கும் | ஓடுதளம் வேண்டும் | பட்டறை, நங்கூரத் துறை |

யார் வாங்கலாம்?

ஜப்பான் வாங்கியது சரி. டோக்கியோவிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தெற்கே சிச்சிஜிமா என்ற தீவு இருக்கிறது. பெயருக்குத் தந்தைத் தீவு என்று பொருள். மக்கள் வாழ்கிறார்கள், ஓடுதளம் இல்லை. கப்பலில் போனால் முழுதாக ஒரு நாள். அங்கே ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசிந்தால் யூஎஸ்-2 போய்த்தான் தூக்கி வர வேண்டும். ஹெலிகாப்டருக்கு எட்டாத தூரம், ஓடுதளம் இல்லாத இடம், மணிக்கணக்கில் உயிர் போகும் அவசரம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது.

காட்டுத்தீ உள்ள நாடுகளும் வாங்கலாம், வாங்கவும் செய்கின்றன. ஸ்பெயின், கிரீஸ், குரோஷியா நாடுகளின் விமானப்படைகள் கனடா தயாரிப்பான மஞ்சள் நிற விமானங்களை வைத்திருக்கின்றன. கடலையோ ஏரியையோ உரசிக்கொண்டே ஓடி 12 விநாடியில் சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை மொண்டுகொண்டு எழும்பும். கோடை முழுவதும் ஓயாத வேலை இருப்பதால் நான்காவது கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. நம் மலைகளில் அப்படி நீண்ட, நேரான ஏரிகள் அரிது. 2024-ல் குன்னூர்க் காட்டுத்தீக்கு விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் மொண்டு ஊற்றியது. நமக்கு அதுதான் பொருத்தம்.

சரி, அந்தமான். வடக்கிலிருந்து தெற்கு முனைவரை 700 கி.மீ.க்கு மேல். கேட்டவுடன் ஜப்பான் நிலைமை மாதிரியே தோன்றும். ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கே ஷிப்பூர், நடுவே போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்), அடுத்து கார் நிகோபார், தெற்கே கேம்ப்பெல் பே என நான்கு ஓடுதளங்கள். கேம்ப்பெல் பேயில் ஐஎன்எஸ் பாஸ் 2012-லும், ஷிப்பூரில் ஐஎன்எஸ் கோஹாசா 2019-லும் கடற்படைத் தளங்களாயின. ஓடுதளமில்லாத பெரிய இடைவெளி என்றால் கமோர்ட்டா, நான்கவுரி, கச்சால் இருக்கும் நடு நிகோபார்தான். கார் நிகோபாரிலிருந்தும் கேம்ப்பெல் பேயிலிருந்தும் அது சுமார் 150 கி.மீ. ஹெலிகாப்டர் வட்டத்துக்குள் வசதியாக அடங்குகிறது. ஆகவே சிச்சிஜிமாவில் சேரும் மூன்றும் இங்கே சேர்வதில்லை.

சுனாமி மறுபடி வந்து ஓடுதளமே போய்விட்டால்? 2004 டிசம்பர் 26 அன்று கார் நிகோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள எனக்கு மனம் வராது. ஆனால் சுனாமிக்கு மறுநாள் கரையோரக் கடல் எப்படி இருக்கும்? வேரோடு பிடுங்கிய தென்னை, உடைந்த படகு, கூரை, வலை என்று மிதக்கும். அதில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு படகுடலை இறக்கினால் ஒரே ஒரு மரக்கட்டை போதும் அடியைக் கிழிக்க. அன்று மிச்சமிருந்த ஓடுதளத்தில் இறங்கிய விமானங்களும், ஹெலிகாப்டர்களும், கப்பல்களும்தான் மக்களைக் காத்தன.

ஆக 12 விமானங்களைச் சொந்தமாக வாங்குவதற்கு நான் எதிர்ப்பு. அந்தப் பணத்தில் நடு நிகோபாரில் ஹெலிகாப்டரை நிரந்தரமாக நிறுத்தலாம், அதுவும் இரண்டு வெவ்வேறு வகையில், ஒன்று முடங்கினாலும் இன்னொன்று பறக்கும்படி. கேம்ப்பெல் பேயில் எரிபொருள் சேமிப்பைக் கூட்டலாம். மீன்பிடிப் படகுகளுக்கு இருப்பிடம் சொல்லும் கருவியை இலவசமாகவே கொடுக்கலாம்.

சில விமானங்களைச் சில ஆண்டு குத்தகைக்கு எடுத்துப் பார்க்கலாமே என்ற யோசனை 2025-ல் பாதுகாப்பு அமைச்சகத்தின் தகவல் கோரிக்கையாக வந்தது. அதற்கு நான் ஆதரவு, ஒரு நிபந்தனையோடு. விமானத்தைக் கடலோரக் காவல்படையோடு சேர்த்து இயக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பையும் குறித்துவைக்க வேண்டும்: எவ்வளவு தூரம், அருகில் ஓடுதளமோ கப்பலோ இருந்ததா, அன்று அலை எவ்வளவு, இறங்க முடிந்ததா, முடியாமல் திரும்பியதா. குத்தகை முடியும்போது அந்தக் குறிப்பேட்டில் வேறு எதனாலும் தூக்கியிருக்க முடியாத மனிதர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை என்னைத் தவறென்று காட்டினால், வாங்கச் சொல்லி முதலில் எழுதுபவன் நானாக இருப்பேன்.